தேதியைப் பின்னுக்குத் தள்ளினோம்

எங்கள் கணிப்பொறி அறையில் படம் வரையும் மென்பொருள் ஒன்று இருந்தது. முப்பது நாள் இலவசம். முப்பத்தோராம் நாள் அது திறக்க மறுத்துவிட்டது. கண்காட்சிக்கோ நான்கே நாட்கள்! "தேதியை ஒரு மாதம் பின்னுக்கு வைத்தால் என்ன?" என்றாள் எங்களில் ஒருத்தி. நவம்பர் 20, அக்டோபர் 20 ஆயிற்று. மென்பொருளும் திறந்தது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் அப்பாமார்களின் பிள்ளைகள் நாங்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். இருந்தும் உறைக்கவில்லை.

முதலில் சில இணையதளங்கள் திறக்கவில்லை. இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. எங்கள் கணிப்பொறிக்கோ அந்த முதல் நாளே இன்னும் பிறக்கவில்லை! "இணையம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தோம்.

மறுநாள் மாலைதான் இடி விழுந்தது. பழவேற்காட்டில் இருக்கும் தன் ஆயா பாடிய வலை இழுக்கும் பாட்டுகளை மனத்தில் வாங்கிவந்து, நேராகத் தட்டச்சு செய்து வந்தாள் எங்கள் தோழி. எட்டுப் பக்கம். கோப்புகளைப் பென் டிரைவோடு ஒத்துப் பார்க்கும் நிரல், தேதி பிந்தியதே புதியது என்று எண்ணும். அவள் முடித்த கோப்பில் அக்டோபர் தேதி. பென் டிரைவில் கிடந்த அரைகுறைப் பிரதியில் நவம்பர் 18. அரைகுறை நிலைத்தது, முழுமை அழிந்தது.

சிஸ்டரிடம் போய்த் தலைகுனிந்து நின்றோம். அவர் திட்டவில்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் 1582-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது, அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆன கதையைச் சொன்னார். அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் இறந்தது அந்த இரவில்தானாம். அவர் திருநாள் அக்டோபர் 15. "அவர்கள் ஊரறியச் சொல்லிவிட்டுத் தேதியை மாற்றினார்கள். நீங்கள்?" என்று கேட்டார். திட்டியிருக்கலாம்!

(2016-இல் ஐபோனின் தேதியை 1970 ஜனவரி 1-க்குத் தள்ளிப் பார்த்தவர்களின் போன்கள் உயிரற்றுப் போயினவாம், ஆப்பிள் நிறுவனம் மென்பொருளையே திருத்த வேண்டியதாயிற்று. இதைப் பிறகு படித்தோம். எங்களுக்கு அதில் ஓர் அற்ப ஆறுதல்.)

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் பழவேற்காடு போனோம். ஆயா எங்களுக்கு மீன் குழம்பு ஊற்றிவிட்டு, திரும்பப் பாட உட்கார்ந்தார். ஆறு பாட்டுகள் வந்தன. ஏழாவதன் நடுவில் நின்றுவிட்டார்.

"போன தடவை எப்படிப் பாடினேன்? நீயே சொல்லு கண்ணு" என்றார் பேத்தியிடம்.

அவள் எங்களைப் பார்த்தாள்.