இலை எடுக்க ஒரு காலம் உண்டு



நேற்று பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். "சார், வீட்ல ஒரு ஆல் போன்சாய் வச்சிருக்கேன். இலையை எல்லாம் எடுத்துட்டா சின்னச் சின்ன இலையா வருமாமே, இப்பவே எடுக்கலாமா?"

இந்த ஐப்பசி மழையில் வேண்டாம்மா என்றேன். காரணத்தை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றபோது ஒரு மாணவன், சுவர் வெடிப்பில் முளைத்த இரண்டு ஆலங்கன்றுகளைப் பிடுங்கி வந்து கொடுத்தான். இரண்டையும் தட்டையான தொட்டிகளில் வளர்த்தேன். பிறகு அவன் வேலைக்கு வெளிநாடு போய்விட்டான். ஆறு வருடம் கழித்து, "பொங்கலுக்கு வர்றேன் சார், மரத்தைப் பார்க்கணும்" என்றான்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. அவன் வரும்போது பெரியது குட்டி இலைகளோடு பளபளவென்று நிற்க வேண்டும். கார்த்திகையில் வேரை வெட்டித் தொட்டி மாற்றினேன். மார்கழி பிறந்ததும் இலைகளை மொத்தமாக எடுத்தேன். வழக்கம்போல தினமும் தண்ணீரும் ஊற்றினேன். "இந்தக் குளிர்ல எதுக்கு மொட்டை அடிக்கிறீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். நான் கேட்கவில்லை.

துளிர் வரவே இல்லை. வேர் அழுகிவிட்டது.

இலைதான் செடியின் சமையலறை என்று மூன்றாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். சமையலறையை மூடினால், சேமிப்பில் இருப்பதைச் செலவழித்துத்தான் மரம் புது இலை விடவேண்டும். வேர் வெட்டுப்பட்ட மரத்திடம் அந்தச் சேமிப்பு ஏது? குளிரில் வளர்ச்சியும் மந்தம். இலை இல்லாத மரம் தண்ணீரும் குறைவாகத்தான் இழுக்கும். மூன்று தவறையும் ஒன்றாகச் செய்தேன்.

அதன் பிறகு நான் கடைப்பிடிப்பது இது. பனி விலகி, மரம் தானாகவே துளிர்விட்டு வேகமாக வளரும் பங்குனிதான் நம் ஊருக்கு நல்ல காலம். அக்னி நட்சத்திரத்தில் தொடமாட்டேன். மொட்டைக் கிளையின் பட்டை வெயிலில் வெந்துவிடும். அந்த வருடம் தொட்டி மாற்றிய மரம், பூச்சி பிடித்த மரம், வாடிய மரம், இவற்றிலும் கை வைப்பதில்லை. இரண்டு மூன்று வாரம் முன்பே உரம் கொடுத்துத் தேற்றிவிடுவேன். இலையைப் பிய்க்காமல் கத்தரிக்கோலால் வெட்டி, காம்பை விட்டுவிடுவேன். காம்பின் இடுக்கில்தான் அடுத்த மொட்டு இருக்கிறது. காம்பு பிறகு தானே உதிரும். தொட்டியை அரை நிழலில் வைத்து, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். இரண்டு முதல் நான்கு வாரத்தில் துளிர் வந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை போதும். இதெல்லாம் ஆல், அரசு, அத்தி வகைக்குச் சொல்வது. ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களில் இதைச் செய்யவே கூடாது.

பொங்கலுக்கு அவன் வந்தான். வெறும் குச்சியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "இன்னொண்ணு இருக்கில்ல சார், அதை அவசரப்படுத்தாதீங்க" என்றான். வகுப்பில் நான் அவனிடம் எத்தனையோ முறை சொன்ன வார்த்தை, "அவசரப்படாதே".

அந்த இன்னொன்று இன்றும் மாடியில் நன்றாக இருக்கிறது. மகளே, பங்குனியில் ஒரு நாள் காலையில் உன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வா. இரண்டுக்கும் சேர்ந்தே இலை எடுப்போம்.