இருபத்திரண்டு புள்ளிகள்

எல்லாம் வல்ல ஒருவனைக் கற்பனையில் படைப்பது எளிது. அவனோடு ஒரே மேசையில் அமர்ந்து ஒரு மாலைப் பொழுது விளையாடுவது கடினம். இந்த வேறுபாட்டை நான் இலக்கணத்திலோ இலக்கியத்திலோ கற்கவில்லை. பகடையும் பென்சிலும் கொண்டு ஆடும் ஒரு விளையாட்டில் கண்டுகொண்டேன்.

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டை உங்களுள் சிலர் அறிந்திருக்கலாம். அதற்குக் கணினி தேவையில்லை. நால்வரோ ஐவரோ மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். அவரை ஆட்ட நடத்துநர் எனலாம். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரைப் படைத்து, அம்மாந்தராகவே பேசி, முடிவெடுப்பர். செயல் வெற்றி பெறுமா என்னும் ஐயம் எழும் இடத்தில் பகடை விடை சொல்லும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. வாளும் மந்திரமும் நிறைந்த உலகம் அது. சில ஆண்டுகளில், படக்கதைகளில் வரும் சூப்பர் ஹீரோக்களையும் இம்மேசைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் தொடங்கின. அவர்களை இங்கு மீவீரர் என்றே குறிப்பிடுகிறேன்.

அங்கேதான் சிக்கல் எழுந்தது. மந்திரவாதிக்கு மந்திரப் பட்டியல் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். அவன் அதிலிருந்து தேர்ந்துகொள்வான். மீவீரர்களோ ஒருவரைப் போல் மற்றவர் இலர். ஒருவர் நெருப்பாய் எரிவார். ஒருவர் எறும்பாய்ச் சுருங்குவார். எவ்வளவு நீண்ட பட்டியல் போட்டாலும் நாளை ஒரு சிறுவன் வந்து அதில் இல்லாத ஒன்றைக் கேட்பான்.

1981இல் ஜார்ஜ் மெக்டொனால்டு, ஸ்டீவ் பீட்டர்சன் ஆகியோர் உருவாக்கிய ‘சாம்பியன்ஸ்’ இதற்கு அழகியதொரு விடை கண்டது. ஆற்றல் என்ன செய்கிறது என்பதையும் அது எப்படித் தோன்றுகிறது என்பதையும் அவ்விளையாட்டு தனித்தனியே பிரித்தது. தொலைவிலிருந்து தாக்குவது ஓர் ஆற்றல். அதற்கு ஒரு விலை. அது தீயாகப் பாயலாம், பனியாகச் சீறலாம், ஒலியாக அதிரலாம். தோற்றம் ஆடுபவரின் உரிமை. விலையைப் புள்ளிகளாகக் கொடுக்கவேண்டும். அப்புள்ளிகளோ அளவானவை. தன் மாந்தருக்கு ஒரு குறையை, பகையை, அச்சத்தை ஏற்பவர் கூடுதல் புள்ளிகள் பெறுவார். குறையே முதலீடாகும் கணக்கு இது.

படக்கதை எழுதியோர் இதை முன்பே உணர்ந்திருந்தனர். 1959இல் அறிமுகமான ஹால் ஜோர்டன் என்னும் ‘கிரீன் லான்டர்ன்’ தன் மோதிரத்தைக் கொண்டு நினைத்த பொருளையெல்லாம் பச்சை ஒளியில் வடித்துவிடுவான். சம்மட்டி, கூண்டு, பாலம், எதுவும் ஆகும். அவ்வளவு பெரிய ஆற்றலுக்கு அவர்கள் இட்ட வேலி மஞ்சள் நிறம். மஞ்சள் நிறப் பொருளிடம் அம்மோதிரம் பலிக்காது. மேலும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை விளக்கொன்றில் ஆற்றலேற்றிக்கொள்ளவும் வேண்டும். மஞ்சள் என்பது சற்றுச் சிறுபிள்ளைத்தனமான வேலிதான்; ஆயினும் வேலி இல்லாவிட்டால் ஒவ்வொரு கதையும் இரண்டாம் பக்கத்திலேயே முடிந்திருக்கும்.

என் தமக்கை மகள் பொறியியல் மாணவி. ஒரு கோடை விடுமுறையில் தன் தோழர் மூவரோடு எங்கள் வீட்டு மாடியில் இவ்விளையாட்டை நடத்தினாள். அவர்கள் ஆடியது ஸ்டீவ் கென்சன் வடிவமைத்து 2002இல் முதன்முதலாக வெளிவந்த ‘மியூட்டன்ட்ஸ் அண்டு மாஸ்டர்மைண்ட்ஸ்’ என்பதன் மூன்றாம் பதிப்பு. 20 முகங்கள் கொண்ட ஒரே பகடை போதும். “மாமா, கணக்கெழுதும் வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஓர் ஏட்டை என் கையில் கொடுத்தாள்.

ஒவ்வொருவருக்கும் 150 புள்ளிகள். அவர்களுள் அதிகம் பேசாத பெண் ஒருத்தி நீரை ஆளும் வீராங்கனை ஒருத்தியைப் படைத்தாள். நீரைப் பீய்ச்சித் தொலைவிலிருந்து தாக்கும் ஆற்றலை 10 படி கொண்டால் 20 புள்ளிகள். பனிச்சுவர் எழுப்பும் ஆற்றலுக்கும் அதே 20. அலையால் பொருள்களைத் தூக்கி நகர்த்தும் ஆற்றலுக்கும் 20. தனித்தனியே வாங்கினால் 60 புள்ளிகள் கரைந்துவிடும். ஆனால் இம்மூன்றும் ஒரே நீரின் மூன்று முகங்கள் என்று சொல்லி ஒரு கோவையாகக் கட்டினால், முதலாவதற்கு 20 புள்ளிகள். மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு புள்ளி. மொத்தம் 22.

எஞ்சிய 38 புள்ளிகள் இலவசமாகக் கிடைத்தவை என்று எண்ணிவிடாதீர்கள். கோவையில் உள்ளவற்றுள் ஒரு வேளையில் ஒன்றுதான் இயங்கும். தன் முறை வரும்போது ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் முன்னது நின்றுவிடும். நீரைப் பீய்ச்ச முற்பட்டால் பனிச்சுவர் மறைந்துபோகும். தமிழாசிரியனாகிய எனக்கு இது வேற்றுமை உருபுகளை நினைவூட்டியது. மரத்தை, மரத்தால், மரத்துக்கு என்று பெயர் ஒன்றுதான். ஏற்கும் உருபுக்கேற்பப் பொருள் மாறுகிறது. மரத்தை வெட்டும் தொடரில் அதே சொல்லால் மரத்துக்கு நீர் ஊற்ற இயலாது.

மற்றொரு மாணவர் வேறு வழியில் சென்றார். அவர் விரும்பியது எதையும் செய்யும் வீரன். விதிநூலில் அதற்கும் இடமுண்டு. மாறும் ஆற்றல் என்னும் அதனை ஒரு படி வாங்க 7 புள்ளிகள். அதற்கு ஈடாக, வேண்டும்போது வேண்டியவாறு பகிர்ந்துகொள்ள 5 புள்ளிகள் கிடைக்கும். அவர் 10 படிகள் வாங்கினார். 70 புள்ளிகளைக் கொடுத்து 50 புள்ளிகளைப் பெற்றார். நட்டம்போல் தோன்றும் இக்கணக்கில், அந்த 50 புள்ளிகள் இன்று இறக்கையாகலாம், நாளை இரும்புத் தோலாகலாம்.

முதல் நாள் ஆட்டத்தில், ஆற்றில் மூழ்கிய பெட்டி ஒன்றைத் தேடும் கட்டம் வந்தது. நீரை ஆள்பவள் அதற்காகவே பிறந்தவள். அவள் வாய் திறக்குமுன், “என் ஆளுக்கு இப்போது செவுள் முளைக்கிறது” என்றார் அம்மாணவர். பெட்டி கிடைத்தது. பின்னர் ஒரு கட்டடம் தீப்பற்றியது. அதையும் அவரே அணைத்தார். ஒவ்வொரு முறையும் எந்த ஆற்றலைப் பெறலாம் என்று அவர் விதிநூலைப் புரட்ட, மற்றவர் காத்திருந்தனர். அவர் தீய எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. விதியை மீறவும் இல்லை. ஆனால் அப்பெண் மேசையிலிருந்த பென்சில்களை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் அவள் பகடையை உருட்டியது மூன்றே முறை. கணக்கு என் ஏட்டில் இருக்கிறது.

மறுநாள் காலை அவள் வருவாளோ மாட்டாளோ என்று என் மருமகளுக்குக் கவலை. “அவளுக்கு இது பிடிக்கவில்லை போலும்” என்றார் அம்மாணவர். நான் ஏட்டைத் திறந்து அவரிடம் காட்டினேன். அவர் பெயருக்கு நேராக 31 உருட்டல்கள். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரும் என் மருமகளும் அமர்ந்து அந்த வீரனைப் புதிதாகக் கட்டினர். ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டாள். ‘எங்கிருந்தும்’ என்பது விடையாகாது என்றும் சொன்னாள். இறுதியில் அவர் ஒரு வரம்பை ஏற்றார்: தான் தொட்ட ஒருவரின் ஆற்றலை மட்டுமே அவன் பெறுவான், தொடாதவரை வெறும் மனிதன். வரம்பு ஏற்றதால் ஒரு படியின் விலை 7 புள்ளியிலிருந்து 6 ஆயிற்று. மிஞ்சிய 10 புள்ளிகளை மருத்துவம், துப்பறிதல் ஆகிய திறன்களுக்குக் கொடுத்தார். விதிநூலைப் புரட்டும் தாமதத்துக்கும் ஒரு வழி செய்தார். அணியில் உள்ள ஒவ்வொருவரிடமிருந்தும் என்ன பெறுவான் என்பதை முன்கூட்டியே சிறு அட்டைகளில் எழுதி அடுக்கிக்கொண்டார். இப்படிப்பட்ட வீரனைப் படைக்க விரும்புவோர்க்கு நான் சொல்லக்கூடியதும் அந்த அட்டைகளைத்தான்.

நெகிழ்வு என்றால் புள்ளிக்கணக்கு மட்டுமே என்று கொள்ளவேண்டியதில்லை. ஜெஃப் கிரப் வடிவமைத்து டிஎஸ்ஆர் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ விளையாட்டில், உள்ள ஆற்றலைப் புதிய வகையில் கையாள முயலலாம். முதல் முயற்சி பலிப்பது அரிது; திரும்பத் திரும்பப் பழகினால் எளிதாகிவிடும். பயிற்சியால் வருவது அந்த நெகிழ்வு. எங்கள் மாடியில் ஆடிய விளையாட்டிலோ, ஏட்டில் இல்லாத ஒன்றை இக்கட்டில் ஒருமுறை முயன்று பார்க்கலாம். ஆனால் அடுத்த முறை வரும்போது வீரர் களைத்துப்போவார். இரண்டனுள் எனக்குப் பிடித்தது முன்னதே. ஆனாலும் களைப்பைக் கணக்கில் சேர்த்தவர் உழைத்துப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

அப்பெண் வந்தாள். அன்றைய கதையில் ஆற்றுப் பாலம் ஒன்று இடிந்தது. பாலத்தின் மேல் பள்ளிக் குழந்தைகள் நிறைந்த பேருந்து. அவள் பனிச்சுவர் எழுப்பிப் பாலத்தைத் தாங்கினாள். அந்நேரம் எதிரியின் படகு ஒன்று பாலத்தை நோக்கி விரைந்து வந்தது. படகை நீரால் தாக்க முற்பட்டால் சுவர் மறையும். பேருந்து ஆற்றில் வீழும். சுவரைத் தாங்கினால் படகு வந்து மோதும். 22 புள்ளிகளில் வாங்கிய சிக்கனத்தின் மறுபக்கம் அப்போது மேசைமேல் வந்து நின்றது. ஒருவரும் பேசவில்லை.

அம்மாணவர் தம் அட்டைகளைக் கலைத்து, நீரின் அட்டையை வெளியே எடுத்தார். பிறகு அவளைப் பார்த்து, “என் ஆள் பாலத்தில் ஓடி வருகிறான். உன் கையைக் கொடு” என்றார்.

“ஒரு கைதான் தருவேன்” என்றாள் அவள். “இன்னொன்று சுவரில் இருக்கிறது.”

நான் ஏட்டில் இருவர் பெயரையும் ஒரே வரியில் எழுதினேன். பகடை அவள் பக்கத்தில் இருந்தது. எடுத்து அவரிடம் நீட்டினாள்.