ரோலை விட்டுச் சீட்டை நிறுத்தால்?

அவினாசி ரோட்டில், அனுப்பர்பாளையம் பாத்திரக் கடைகளைத் தாண்டியதும் ஒரு பனியன் கம்பெனி. கீழே நிட்டிங் மெஷின்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் சுற்று எண்ணிக்கையும் மாடியறை சர்வரில் சேர்கிறது. கணக்குப் பார்க்கும் புரோகிராம், கூகுள் 2009-இல் வெளியிட்ட கோ மொழியில் எழுதியது. அது நாளுக்கு நாள் மெமரியை விழுங்க, எழுதிய தம்பி காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

"பாருங்ணா, ஸ்லைஸுக்குள்ள ஒரு கோடி எண் இருக்குது. சைஸ்ஆஃப் போட்டா 24 பைட்டுங்குது!"

சொல்வது சரிதான். எண்கள் இருக்கும் முகவரி, நீளம், கொள்ளளவு இந்த மூன்றும்தான் ஸ்லைஸ். 64 பிட் கணினியில் தலா 8 பைட். எண்கள் கிடப்பது வேறிடத்தில், ஒரு அரேயில். ஒன்றுக்கு 8 பைட் என்றால் கோடிக்கு 80 எம்பி. "துணி ரோலை விட்டுட்டு, அதுல ஒட்டுன சீட்டை எடை போட்டிருக்கறனுங்ணா," என்றார்.

அடுத்து, மெமரிக் கணக்குச் சொல்லும் ரீட்மெம்ஸ்டாட்ஸ். யாரும் பயன்படுத்தாத மெமரியை, அதாவது குப்பையை, அள்ளச் சொல்லிவிட்டு, ஸ்லைஸ் உருவாக்கும் முன்பும் பின்பும் ஹீப்அலாக், அதாவது அப்போது பிடித்திருக்கும் அளவு, பார்த்தோம். வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம்! அதன்பின் ஸ்லைஸை யாரும் தொடவில்லை என்பதால் அதையும் சேர்த்தே அள்ளிவிட்டது. கடைசியில் கீப்அலைவ் என்று ஒரு வரி சேர்த்ததும் 80 எம்பி வந்து நின்றது. அளக்கும் பலரும் தவறவிடும் வரி இது.

ஆனால் டாப் கட்டளையில் புரோகிராமின் மெமரி ஏறவே இல்லை. எழுதத் தொடங்கிய பிறகுதான் லினக்ஸ் நிஜ மெமரியைக் கொடுக்கும். எண்களை நிரப்பியதும் ஏறியது.

கொள்ளளவு சொல்லாமல் அப்பெண்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்தபோது, விட்டதையும் சேர்த்து இதுவரை வாங்கிய மொத்தத்தைச் சொல்லும் டோட்டல்அலாக் 400 எம்பியைத் தாண்டியது. இடம் போதாதபோதெல்லாம் பெரிய அரே வாங்கி, பழையதைப் பிரதியெடுத்து, பழையதை விட்டுவிடுகிறது. சின்னதாக இருக்கையில் இரட்டிப்பு. வளர வளர ஒன்றேகால் மடங்கு.

அந்தக் குப்பை எப்படியும் அள்ளப்படும். நிஜமான கசிவு வேறிடத்தில் இருந்தது. தினமும் கடைசி 100 எண்ணை மட்டும் வெட்டி வைத்திருந்தார் தம்பி. அந்த 100-ஐப் பிடித்திருக்கும்வரை முழு அரேயும் போகாது. 1.21 பதிப்பில் வந்த ஸ்லைசஸ் குளோன் போட்டுப் பிரதியெடுத்தார். நாளொன்றுக்கு மிஞ்சியது ஒரு கேபிகூட இல்லை.

கோ மொழியில் வேலை செய்கிறவர்கள், ராம் கூட்டச் சொல்லி முதலாளியிடம் போகும் முன், வெட்டி வைத்த ஸ்லைஸ்களை ஒருமுறை தேடிப் பாருங்கள்.