பூஞ்சணமும் அம்மாவின் மூச்சும்

மட்டக்களப்பில் மாரி இறங்கிவிட்டால் உப்புப்போத்தல் கசியும். அலுமாரித் துணிகளில் பூஞ்சண வாடை வீசும். நான் சேர்த்துவைத்த பத்திரிகை நறுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, நடுவே கல்லடியில் எங்கள் வீடு. நவம்பர் தொடக்கம் தை பிறக்கும் வரை பெய்யும் மழையில் குளியலறைச் சுவர் கறுத்துவிடும்.

சென்ற மாரியில் அந்தக் கறுப்பை ஒரே நாளில் ஒழித்துவிடத் துணிந்தேன். வெள்ளத்தின் பின் கிணற்றுக்கு இட்டு மிஞ்சிய பிளீச்சிங் பவுடர் இருந்தது. கரைத்துப் பூசினேன்; கறுப்பு முற்றாகப் போகவில்லை. அதன்மேலேயே கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஊற்றினேன். மறுகணம் கண் எரிந்தது, தொண்டை இறுகியது. அடுத்த அறையில் தொய்வுக்காரியான அம்மா படுத்திருந்தார். அவரை முற்றத்துக்குத் தூக்கி வந்தோம். அன்றிரவை அவர் வைத்தியசாலையில் ஒட்சிசனுடன் கழித்தார்.

அவ்விரண்டும் சேர்ந்தால் பிறப்பது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்துப் போர்முனையில் ஜேர்மன் படை ஏவியதும் அதே வாயுதான். இத்தகைய விபத்துச் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிய கைதான் அந்த அமிலத்தையும் ஊற்றியது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வீடு திரும்பிய அம்மா சொன்னது ஒன்றுதான்: “தண்ணியத் துடைக்காம பூஞ்சணத்தத் துடைச்சு என்ன மனே பலன்?”

அவர் சொன்னதில் முழு விஞ்ஞானமும் அடங்கியிருக்கிறது. பூஞ்சண வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. அவற்றை ஒழிக்க இயலாது. நனைந்த பரப்பு ஓரிரு நாட்களுக்குள் உலராவிட்டால் அங்கே முளைக்கும். ஈரமான வீடுகளில் வாழ்வோரிடையே மூச்சு நோய்கள் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வழிகாட்டி நூல் வெளியிட்டது.

என் சிறுவயதில் குளிப்பு கிணற்றடியில். சுற்றிக் கிடுகு மறைப்பு, மேலே வானம். கல்லில் பாசி படியும், பொச்சால் தேய்ப்போம். மீதியை வெயிலும் காற்றும் பார்த்துக்கொண்டன. பின்னர் குளிப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். நுளம்புக்கு அஞ்சி இருந்த ஒரு சாளரத்தையும் அடைத்தவன் நானே.

இப்போது அந்தச் சாளரம் திறந்திருக்கிறது, கம்பிவலையுடன். வெளிக்காற்றே ஈரமான மாரியில் அது மட்டும் போதாது. ஆகவே கடைசியாகக் குளிப்பவர் இறப்பர் வைப்பரால் சுவரையும் தரையையும் வழித்துவிட வேண்டும்; நனைந்த துவாய் உள்ளே தொங்கக்கூடாது. ஒழுகிய குழாயைத் திருத்தினோம். மீறிக் கறுத்தால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சவர்க்கார நீரால் தேய்த்து உலர்த்துகிறேன். பிளீச்சிங் தேவைப்பட்டால் அது மட்டுமே. அமிலமோ அமோனியாவோ அதன் அருகிலும் வரக்கூடாது.

இந்த மாரியிலும் ஒரு மூலையில் சிறிது கறுத்தது. தேய்த்தேன், போய்விட்டது. அடுத்த அறையில் அம்மா சீராக மூச்சுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தார்.