செருப்புச் சாம்பல்

சென்ற ஆண்டு திருவருகைக் காலத் தொடக்கத்தில் எங்கள் பங்கு இல்லத்துப் பண்டசாலையைத் துப்புரவு செய்தோம். ஏழைகளுக்கென வந்த பொருள்களில், எவருக்கும் பயன்படாமற்போன தோல் காலணிகள் இரண்டு சாக்கு நிறைய இருந்தன. "எரித்துவிடுங்கள்" என்றவன் நானே. உறைபனி விழும் நாட்களாதலால், தேயிலைத் தோட்டத்துச் சிறுவர்கள் அந்நெருப்பைச் சூழ்ந்து குளிர்காய்ந்தனர். நாற்றம் பொறுக்கக்கூடியதாயில்லை; குளிரோ அதனினும் பெரிதாயிருந்தது.

மறுநாள் உபதேசியார் சாம்பலைக் கூடையில் அள்ளி முட்டைக்கோசுப் பாத்திகளுக்குக் கொண்டுபோனார். திருப்பலி முடிந்து வந்த வேதியியல் ஆசிரியை ஒருவர், "சுவாமி, அதைப் போடவேண்டாம்" என்று தடுத்தார்.

இன்று உலகில் தோலின் பெரும்பகுதி குரோமிய உப்பினால் பதனிடப்படுகிறது. காலில் கிடக்கும்வரை அது பெரிதும் தீங்கற்ற வடிவில் தோலோடு பிணைந்திருக்கும். அதனாலேயே அத்தோல் எளிதில் மட்குவதுமில்லை. காற்றுப்பட எரித்தால், அதில் ஒரு பகுதி நீரில் கரையும் நச்சு வடிவமாக மாறக்கூடும். புற்றுநோய் தரும் வடிவம் அதுவே.

அந்நஞ்சின் செயலை அறிய நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. இராணிப்பேட்டையில் தோல் தொழிலுக்கான குரோமிய உப்பைச் செய்துவந்த ஆலை 1995இல் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற, ஒரு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. தோல் ஆலைகளால் பாலாற்றுப் படுகை பட்ட துயரத்தைக் கேட்டு, 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டுமென்று தீர்ப்பளித்தது.

யோப்பாவில் புனித இராயப்பரைத் தம் வீட்டில் ஏற்ற சீமோனும் தோல் பதனிடுபவரே. ஆனால் அவர் காலத்தில் குரோமியம் ஏது? நம் மலைகளில் ஆஸ்திரேலியச் சீகை மரத்தை நட்டதும் பதனிடும் பட்டைக்காகத்தான். அப்பட்டைத் தோலில் குரோமியம் இல்லை; அம்மரமோ பரவிப் புல்வெளிகளை விழுங்கியது. எதைப் புகழ்வது, எதை இகழ்வது என்று எனக்கு விளங்கவில்லை.

ஞாயிறன்று பூசையில் என் தவற்றை மக்களிடம் சொன்னேன். ஒரு தாய் வெளியே காத்திருந்து, "சுவாமி, பையன் அன்றிலிருந்து இருமுகிறானே, அதனாலா?" என்று கேட்டார். என்னால் ஆம் என்றோ அல்ல என்றோ சொல்லக்கூடவில்லை. மருத்துவரிடம் நானே உடன்போனேன். சளிதான் என்றார், இருமலும் பத்து நாளில் நின்றது. அந்தப் பத்து நாளும் எனக்கு நல்ல உறக்கமில்லை.

சாம்பலை மழைபடாத தகர டின்னில் அடைத்து வைத்து, எங்கே ஒப்படைப்பதென்று கேட்டு எழுதியிருக்கிறேன். இவ்வாண்டு வந்த பழைய காலணிகளைக் கடைவீதியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொடுத்தோம். இருபது சோடியில் பன்னிரண்டைத் தைத்துத் தந்தார். மீதி எட்டும் சாக்கில் இருக்கின்றன.