கொம்பு இடம் மாறினால்

அண்மையில் ஓர் அறிவிப்புப் பலகையின் படம் புலனக் குழுக்களில் சுற்றிச் சுற்றி வந்தது. மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றும் ஒழுங்காக இருந்தன. தமிழ் மட்டும் சிதறிக் கிடந்தது. கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால், நடுநடுவே புள்ளி வட்டங்கள். குழுவில் எல்லாரும் கொதித்தார்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரான என் நண்பர் மட்டும் வேறு மாதிரி எழுதினார்: "கோபம் இருக்கட்டும். இது ஏன் இப்படி ஆகுதுன்னு பார்க்கணும்னா தம்போய்க்கு வாங்க. நம்ம பழைய மாணவி ஒருத்தி கிராஃபிக் டிசைன் படிக்கிறா. ராத்திரி பகலா தமிழ் எழுத்து வரைஞ்சிக்கிட்டு இருக்கா."

தம்போய் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மருத்துவமனைதான். 1930களில் கட்டப்பட்ட மனநல மருத்துவமனை. இப்போது அதன் பெயர் பெர்மாய். ஜப்பானியர் படையெடுத்த 1941இன் கடைசி வாரங்களில் ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவமனை ஒன்றுகூட அந்தக் கட்டடங்களில் இயங்கியது. அந்த வரலாறெல்லாம் யாருக்கும் நினைவில்லை. பேராக் பக்கம், அங்குள்ள மனநல மருத்துவமனையை வைத்து, 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொல்லிக் கேலி செய்வதை, ஜோகூரில் 'தம்போய்' என்று சொல்லிச் செய்வார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

"ஸ்கூல் கேம்ப்புக்குப் போனா எந்த ஊருன்னு கேப்பாங்க, அங்கிள். சொன்னதும் சிரிப்பாங்க. அதுக்குத்தான் இந்தப் புரொஜெக்ட்" என்றாள் அந்த மாணவி, நான் தம்போய்க்குப் போனபோது. இறுதியாண்டு வேலையாக அவள் எடுத்துக்கொண்டது ஒரு சுவரொட்டி வரிசை. ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். அதன் கீழே சிறிய ஓவியமாக அங்காடி, அங்சானா பேரங்காடி வாசல், விடியுமுன் மோட்டாரில் சிங்கப்பூருக்குக் கிளம்பும் அப்பா, பெர்மாய் மருத்துவமனையில் சீட்டுக் கையில் வைத்துக் காத்திருக்கும் ஒரு குடும்பம். மருத்துவமனையை விட்டுவிடலாமே என்று விரிவுரையாளர் சொன்னாராம். இவள் மறுத்துவிட்டாள். அதை ஒளித்துவைத்தால் கேலி செய்தவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும் என்பது அவள் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அடுக்குமாடி வீட்டின் கூடம்தான் பட்டறை. சாப்பாட்டு மேசையில் கணினி. சுவர் முழுக்கப் பென்சில் கோட்டுத் தாள்கள். சிதறிய பலகையின் காரணத்தைக் கேட்டேன். பேசாமல் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருளைத் திறந்து 'தம்போய்' என்று தட்டினாள். திரையில் ப தனியாக நின்றது. இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்து அதற்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. அவளுடைய சொந்த ஊரின் பெயரே உடைந்து கிடந்தது.

ஒருங்குறியில் 'போ' என்பது முதலில் ப, அடுத்து ஓகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது மென்பொருள்தான் அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் அதற்கென்று தெற்காசிய மொழிகளுக்கான வரியமைப்பு ஒன்று இருக்கிறது. அமைப்புகளில் இந்திய மொழி வசதியைத் திறந்துவிட்டு, பத்திப் பலகத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தாள். கொம்பு தன் இடத்துக்கு வந்து நின்றது. இவ்வளவுதான் விஷயம். ஒரு சொடுக்கு. அச்சுக்கடையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் தமிழ் தெரியாது. உடைந்ததும் உடையாததும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று வேலை கொடுத்தவருக்குத் தோன்றாமல் போனதுதான் பொறுக்கவில்லை.

சரியாக வந்த எழுத்தும் அவளுக்குப் போதவில்லை. கணினியில் கிடைக்கும் எழுத்துருக்கள் எல்லாம் வாசிக்க நன்றாக இருக்கின்றன, ஆனால் தம்போய்க்காரர் மாதிரி இல்லை என்றாள். ஆப்பிள் கருவிகளில் வரும் இணைமதியும் தமிழ்ச் சங்கமும் நம் மலேசியரான முத்து நெடுமாறன் வரைந்தவை என்பது அவளுக்குப் பெரிய பெருமை. அவர் செய்தது வாசிப்புக்கான எழுத்து. இவளுக்கு வேண்டியது தூரத்தில் நின்று பார்த்தாலும் கூப்பிடுகிற எழுத்து. அது பழைய கடைப் பலகைகளில் இருந்தது. தேடிக்கொண்டு போனதில், பக்கத்துத் தாமானிலேயே அவற்றை எழுதிய கை கிடைத்தது.

பெரியவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தோட்டத்தில் பிறந்தவர். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, சினிமாக் கொட்டகைக்குப் பேனர் எழுதுபவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். முதலில் தூரிகை கழுவுவது மட்டும்தான் வேலை. பிறகு நடிகர்களின் சட்டைக்கு வண்ணம் அடிக்க விட்டார்கள். எழுத்துக்கு விட வெகுகாலம் ஆனது. முகம் கொஞ்சம் மாறினாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், எழுத்து கோணினால் கடைக்காரன் காசு தரமாட்டான் என்பாராம் அவருடைய குரு. பிறகு லோரிக் கதவு, மளிகைக் கடை, கோயில் உபயப் பலகை என்று ஜோகூர் முழுக்க எழுதியிருக்கிறார். கணினி வெட்டித்தரும் ஸ்டிக்கர் எழுத்து வந்த பிறகு வேலை வற்றிப்போனது. பல வருஷம் தொழிற்சாலை ஒன்றில் காவலுக்கு இருந்தார். அப்போதும் தூரிகைகளைத் தூக்கிப் போடவில்லை.

எங்களுக்காகப் பிளைவுட் பலகை ஒன்றை எடுத்து வைத்தார். நூலில் சாக்கட்டித் தூளைத் தடவி இழுத்துப் பிடித்துச் சுண்டினார், நேர்கோடு விழுந்தது. ஒரு குச்சியைப் பலகையில் சாய்த்து, மணிக்கட்டை அதன்மேல் வைத்துக்கொண்டார். இனாமலில் தோய்த்த தட்டைத் தூரிகையால் 'ழ'வை இழுத்தார். தூரிகை அகலமாகப் படும் இடத்தில் கோடு தடித்தது. அதையே விரலிடுக்கில் மெல்ல உருட்டியபோது மெலிந்தது. வால் கீழே இறங்கி வளையும் இடத்தில் மூச்சை அடக்கினார்; தோள் அசையவில்லை. அடுத்து 'லை' எழுதினார், பழைய பாணியில், யானைத் துதிக்கை போட்டு. பெரியார் 1935இலேயே கைவிட்ட வடிவம். தமிழ்நாட்டு அரசு 1978இல் சீர்திருத்தத்தை ஏற்றது. பிறகு இங்கேயும் பள்ளிப் புத்தகங்கள் மாறின. "எனக்குக் கை மாறல, பாப்பா" என்றார் அவளிடம்.

"மாற வேண்டாம் தாத்தா, ரெண்டையும் வச்சிருக்கேன்" என்றாள். அவளுடைய எழுத்துருவில் புதிய 'லை' இயல்பாக வரும். வேண்டியவர்கள் பழையதை மாற்றுவடிவமாக அழைத்துக்கொள்ளலாம்.

பெரியவர் ஓர் இழுப்பில் முடிப்பதைக் கணினியில் வரைய அவளுக்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கிறது. தாளைப் படமெடுத்து அடியில் வைத்துக்கொண்டு, வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி என நான்கு எல்லைகளில் மட்டும் புள்ளி வைக்கிறாள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டு கைப்பிடிகள் நீளும். பட்டத்தின் நூலைப்போல அவற்றை இழுத்தும் தளர்த்தியும் வளைவைப் பிடிக்க வேண்டும். புள்ளி கூடினால் கோடு நொண்டும். பிரான்சில் ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெசியே 1960களில் காரின் உடல் வளைவுகளை வரைவதற்காகப் பரப்பிய கணக்கு இது. சித்ரோயனில் பால் த காஸ்தெல்ஜோ 1959இலேயே இதைக் கண்டிருந்தார். கார்க் கதவுக்குப் பிறந்த கணக்கு இங்கே 'ழ'வின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

ஆகாரத்துக்கு ஒரு கால் வரைந்தால் எல்லா எழுத்துக்கும் போதும். கு, கூ வரிசைக்கு அந்தச் சலுகை கிடையாது. 18 மெய்க்கும் உகரம், ஊகாரம் என 36 வடிவங்களையும் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும். நான் போனபோது து, தூ, நு, நூ முடிந்திருந்தன. டு, டூ அடித்து அடித்து எழுதப்பட்டிருந்தன. எழுத்திடைவெளி, சில்க் ஸ்கிரீனுக்கு வண்ணம் பிரிப்பது பற்றியெல்லாம் நிறையச் சொன்னாள். அவை தொழில்காரர்களுக்கானவை, இங்கே விடுகிறேன்.

விட முடியாதது காசு விஷயம். செலவுக்காகத் திருவிழா, கல்யாணப் பேனர்களும் செய்கிறாள். நடுவில் ஓர் ஏஜெண்டு. பேனருக்கு 30 வெள்ளி இவளுக்கு. அவர் வாடிக்கையாளரிடம் என்ன வாங்குகிறார் என்று கேட்டால் "உனக்கு எதுக்கும்மா அது?" என்பாராம். அடுத்த ஆண்டு அதே வடிவம், தேதி மட்டும் மாறி, வேறொரு மண்டப வாசலில் தொங்கியது. இவளுக்கு ஒரு காசு வரவில்லை. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஓவியத்தையும் காக்கிறது. ஆனால் சொல்லி வாங்கிய வேலையில், வேறு உடன்பாடு இல்லையென்றால், உரிமை வேலை கொடுத்தவர் பக்கம் போய்விடுகிறது. படிக்கிற பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லித் தருகிறோம்? பந்தலுக்குக் கொடுக்கிறோம், மேளத்துக்குக் கொடுக்கிறோம், பூவுக்குக் கணக்கே பார்ப்பதில்லை. வாசலில் முதலில் கண்ணில் படும் எழுத்துக்கு மட்டும் 'டிசைன் ஃப்ரீதானே?' என்று கேட்கிறோம். பிறகு அரசாங்கப் பலகையில் தமிழ் உடைந்தால் மட்டும் மானம் போனதாகத் துடிக்கிறோம். நம் வீட்டு விசேஷத்தில் அந்த எழுத்துக்கு நாம் என்ன கூலி கொடுத்தோம்?

இப்போது அவள் ஏஜெண்டை விட்டுவிட்டு நேரடியாக ஒரு கோயில் நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டினாள். தொகை எவ்வளவு, எத்தனை முறை திருத்தித் தருவாள், ஓர் ஆண்டுத் திருவிழாவுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது, அச்சுக்குப் போகுமுன் அவள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது. கடைசி வரியை நான் அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். அந்த நிர்வாகத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வேலையைக் கேளுங்கள் என்று இந்த வெள்ளிக்கிழமை அவரிடம் பேசப்போகிறேன்.