பெயர் போடாத கிருஷ்ணர்

வேலை கிடையாது. அதிகாரம் கிடையாது. ஆனால் சம்பளம் மட்டும் தவறாமல் வரும். இப்படி ஒரு உத்தியோகம் கிடைத்தால் விடுவீர்களா?

தஞ்சாவூரில் ஒருவருக்கு 1799-ல் கிடைத்தது. வயது 22. பெயர், இரண்டாம் சரபோஜி மகாராஜா. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஒரு ஒப்பந்தத்தை நீட்டி, ராஜ்ஜியத்தின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டான். ராஜாவுக்குக் கோட்டை, அரண்மனை, வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகன், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். மெடிக்கல் லீவு கூட எழுதித் தர வேண்டாம்!

நாமாக இருந்தால் தூங்கியிருப்போம். அவர் தூங்கவில்லை. சரஸ்வதி மகாலில் புத்தகமாக வாங்கிச் சேர்த்தார். கண் வைத்தியம் பார்த்தார். நோயாளியின் கண் எப்படி இருந்தது என்று ஓவியரை வரையச் சொல்லி, கேஸ் ஷீட் வைத்துக்கொண்டார். செடி, பறவை என்று அதற்கும் படங்கள். நாட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், பார்க்கிற கண்ணையாவது விட்டார்களே என்று நினைத்தாரோ என்னவோ!

ராஜா பாடு இப்படி. ஓவியர்கள் பாடு?

அதுவரை பலாப் பலகையில் துணி ஒட்டி, தங்க ரேக்கு பதித்து, கொழு கொழு கிருஷ்ணரை வரைந்துகொண்டிருந்த கைகள் அவை. இப்போது புது கஸ்டமர் வந்துவிட்டான், வெள்ளைக்காரன். அவனுக்குக் கிருஷ்ணர் வேண்டாம். 'இந்த ஊரில் குயவன் எப்படி இருப்பான், நெசவாளி எப்படி இருப்பான், சிப்பாய் எப்படி இருப்பான்? ஜோடி ஜோடியாகப் போடு, ஊருக்கு எடுத்துப் போக வேண்டும்' என்றான். சீமைக் காகிதம், வாட்டர் கலர், காலடியில் கொஞ்சம் நிழல். புருஷன் கையில் தொழில் சாமான், பக்கத்தில் பெண்டாட்டி. இதற்குத்தான் இன்றைக்குக் 'கம்பெனி ஓவியம்' என்று பெயர். லண்டன் மியூசியங்களில் பத்திரமாக இருக்கிறது.

படத்துக்குக் கீழே என்ன ஜாதி, என்ன தொழில் என்று குறிப்பு இருக்கும். வரைந்தவர் பெயர்? பெரும்பாலும் 'தஞ்சாவூர் ஓவியர்', அவ்வளவே. 1832-ல் சரபோஜி காலமானார். அவர் மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் போய்ச் சேர, மிச்சமிருந்த அரண்மனையையும் கம்பெனி முழுங்கியது. ஓவியர்கள் என்ன ஆனார்கள் என்று யார் கேட்டது?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்க வீட்டம்மா தயவு, சார். மயிலாப்பூரில் தஞ்சாவூர் பெயின்டிங் கிளாஸ் போய்க் கற்றுக்கொண்டவள். பலாப் பலகைக்குப் பதில் ப்ளைவுட், புளியங்கொட்டைப் பசைக்குப் பதில் ஃபெவிகால். சாக் பவுடரைக் குழைத்து மேடு எழுப்புவதற்கு 'மக்கு வேலை' என்று பெயராம். சொல்லும்போது ஏன் என்னைப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

போன மாசம் ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணரை முடித்தாள். ஒரு மாச உழைப்பு, மதியத் தூக்கம் கிடையாது. பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு ஆகும் என்று தி.நகரில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனோம். கடைக்காரர் கூர்ந்து பார்த்தார்.

"ஒர்க் பிரமாதம் மேடம். கீழே உங்க பேர் போட்டிருக்கே, அதை அழிச்சுடுங்க. எங்க கடை ஸ்டிக்கர் ஒட்டுவோம். உடனே செட்டில் பண்ணிடறேன்."

நான் அவள் காதில், "ஒரு பேர்தானே... ஃபீஸ் கட்டணும்மா" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, ஆபீஸ்ல ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உட்கார்ந்து நீங்க எழுதற ரிப்போர்ட்ல யார் கையெழுத்து இருக்கும்?"

"மேனேஜர் கையெழுத்து."

"வீட்டுக்கு வந்து எவ்வளவு புலம்புவீங்க?"

கடையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நான் பேசாமல் கிருஷ்ணரை எடுத்து நியூஸ் பேப்பரில் சுற்றினேன். மண்டைவெளி வரைக்கும் ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஃபீஸுக்கு பி.எஃப். லோன் போட்டாகிவிட்டது.

கிருஷ்ணர் இப்போது எங்கள் ஹாலில், ஃபிரிஜ்ஜுக்கு மேலே. பழைய இனிஷியலை அழித்துவிட்டு முழுப் பெயரையே எழுதிவிட்டாள், கொட்டை எழுத்தில். வாங்க விருப்பமுள்ளவர்கள் தாராளமாக வரலாம். விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்.

பெயரை மட்டும் குறைக்க மாட்டோம்.